இழை பழுதானால் மூளை என்ன செய்கிறது?

மூளை ஆய்வுக்கூடங்களில் ஏழு வண்ணம் தீட்டிய ஒரு வரைபடம் புழங்குகிறது. ஐரோப்பாவில் ஆய்வு செய்பவரும் இந்தியாவில் ஆய்வு செய்பவரும் அதையே விரித்து வைத்துக்கொள்கிறார்கள். ‘இயோ ஏழு’ என்றால் அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். அந்த இயோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்று பேராசிரியராக இருக்கும் தாமஸ் இயோ. அமெரிக்காவில் ரேண்டி பக்னரின் குழுவோடு சேர்ந்து, ஆரோக்கியமான 1,000 பேரின் மூளைப் படங்களைக் கொண்டு, 2011இல் அவர் அதை வெளியிட்டார். மூளையின் மேற்பரப்பு முழுவதையும் அது ஏழு பெரிய வலைப்பின்னல்களாகப் பிரிக்கிறது. ஒன்று பார்வைக்கு, ஒன்று தொடுவுணர்வுக்கும் அசைவுக்கும், இரண்டு கவனத்துக்கு, ஒன்று உணர்ச்சிக்கு, ஒன்று திட்டமிட்டுச் செயல்படுவதற்கு. ஏழாவதுதான் விசித்திரமானது. நாம் சும்மா இருக்கும்போது அது மும்முரமாக வேலை செய்யும்.

படம் எடுத்தபோது அந்த ஆயிரம் பேரும் எந்த வேலையும் செய்யவில்லை. ஸ்கேனருக்குள் அசையாமல் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். இதற்கு வழி திறந்தவர் இந்திய வம்சாவளி ஆய்வாளர் பரத் பிஸ்வால். 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். விரலைக்கூட அசைக்காத ஒருவரின் மூளையில், கைகளை இயக்கும் இடப் பகுதியும் வலப் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே துடிக்கின்றன. கருவியின் இரைச்சல் என்று பலர் ஒதுக்கப் பார்த்த அந்தத் துடிப்பின் மேல்தான் இன்றைய மூளை வலைப்பின்னல் ஆய்வு எழுந்து நிற்கிறது.

இந்தத் துடிப்பைத் தொந்தரவு செய்யும் நோய்கள் பல. அவற்றில் எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தனி ரகம். மறதி நோய் நரம்பணுக்களைத் தின்கிறது, பக்கவாதம் ஒரு வட்டாரத்தையே பட்டினி போடுகிறது. எம்.எஸ். முதலில் கை வைப்பது பகுதிகளுக்கு இடையே ஓடும் இழைகளில். வலைப்பின்னல் என்ற கண்ணாடியை எந்த நோய்க்காவது மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால், இதற்குத்தான் முதலில் மாட்ட வேண்டும்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் நீண்ட இழைகளை மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. இளம் வயதில், உறையிட்ட இழைகளை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் சுமார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரும். உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. சீரான தூரத்தில் சிறு இடைவெளிகள் விட்டுத்தான் சுற்றியிருக்கும். மின்சமிக்ஞை இந்த இடைவெளிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்கிறது. உடலின் தடித்த உறையிட்ட இழைகளில் அது வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் ஒன்றிரண்டு மீட்டர் போவதே அரிது.

எம்.எஸ். நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அணுக்கள் இந்த உறையை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. உறை உரிந்த இடத்தில் சமிக்ஞை தாமதமாகும், சில வேளை நின்றே போகும். வீக்கம் தணிந்ததும் உறை ஓரளவு மீண்டும் வளரும். ஆனாலும் பழைய தடிமன் திரும்பாது. உறை மட்டுமே போகிறது, உள்ளே இருக்கும் இழை தப்பிவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1998இல் புரூஸ் டிராப்பின் குழு அந்த நிம்மதியைக் கெடுத்தது. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது, தீவிரமாக எரிந்துகொண்டிருந்த புண்களில் ஒரு கன மில்லிமீட்டருக்குள் 11,000க்கும் மேற்பட்ட இழைகள் துண்டிக்கப்பட்டிருந்தன. நோயின் ஆரம்ப ஆண்டுகளிலேயே இது நடக்கிறது என்பதுதான் அதிர்ச்சி.

எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தப் புண்கள் வெண்ணிறப் புள்ளிகளாகத் தெரியும். நோயாளியும் குடும்பமும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை புள்ளி?’ கேட்பது இயல்புதான். ஆனால் அந்த எண்ணிக்கையால் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. படம் முழுக்கப் புள்ளிகளோடு ஒருவர் வழக்கம்போல் அலுவலகம் போய்வருவார். நாலைந்து புள்ளிகளோடு இன்னொருவர் வேலையை விட்டு நிற்பார். புள்ளிக்கும் பாதிப்புக்கும் கணக்கு ஒத்துவராத இந்த முரண்பாட்டை நெதர்லாந்தின் கதிரியக்க மருத்துவர் பிரெடெரிக் பார்கோஃப் 2002இல் விரிவாக அலசினார். முரண்பாடு தெரிந்துவிட்டது, விளக்கம் பாதிதான் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதி விளக்கம் வலைப்பின்னலில் இருக்கிறது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க 2024 செப்டம்பர் கடைசி வாரம் போதும். கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் ஓடிய ஒரு ரயிலிலிருந்து அச்சுப்பெட்டி கழன்று விழுந்து, சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தண்டவாளம் சேதமானது. தீவு முழுவதும் ஓடும் தண்டவாளத்தில் அது ஒரு துணுக்கு. ஆனால் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை. இலவசப் பேருந்துகள் விடப்பட்டன, மக்கள் வேறு தடங்களுக்கு மாறினார்கள், மற்ற நிலையங்களில் நெரிசல் ஏறியது. ஊர் நிற்கவில்லை. எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள், தாமதமாக. அதே நீளத் தண்டவாளம் தடத்தின் ஒரு நுனியில் கெட்டிருந்தால் பாதிப்பு அவ்வட்டாரத்தோடு முடிந்திருக்கும். டோபி காட் போல மூன்று தடங்கள் சந்திக்கும் இடத்தில் கெட்டிருந்தால் கதை வேறு.

மூளையிலும் சேதத்தின் அளவைவிட அது விழுந்த இடம் முக்கியம். எல்லாத் தடங்களும் கூடும் சந்திப்புகள் சில மூளையில் இருக்கின்றன. நடுவே முட்டை வடிவில் அமர்ந்திருக்கும் தாலமஸ் அவற்றில் தலையாயது. புலன்களிலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை அதன் வழியாகத்தான் மேற்பரப்பை அடைகின்றன. இழைகள் ஓடும் வெள்ளைப் பொருளில் எங்கே அறுந்தாலும் அதன் ஒரு முனை தாலமஸில் இருக்கும் வாய்ப்பு அதிகம். எம்.எஸ். நோயில் ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்கும் பகுதிகளில் தாலமஸ் ஒன்று. அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது, புள்ளிகளின் எண்ணிக்கையைவிட நன்றாகவே சிந்தனைத் திறனின் சரிவைக் காட்டுகிறது.

தடம் அறுந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் மாண்ட்ரியல், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எம்.எஸ். நோயாளிகளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்துக் கையை எளிமையாக அசைக்கச் சொன்னார்கள். வலக் கையை அசைக்க மூளையின் இடப் பக்கம் போதும். நோயாளிகளிடம் வலப் பக்கமும், ஆரோக்கியமானவர்களிடம் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகமாகக் களத்தில் இறங்கியிருந்தது. கை ஒழுங்காகவே அசைந்தது. அந்த ஒழுங்குக்கு மூளை கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. இழப்பை மூளை ஈடுகட்டுகிறது என்று பலரும் மகிழ்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நினைவு, கவனம் சார்ந்த சோதனைகளிலும் இதே காட்சி திரும்பத் திரும்பத் தெரிந்தது. நோயின் தொடக்கத்தில் மூளைப் பகுதிகள் கூடுதலாக ஒளிர்ந்தன, ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைந்தன.

இங்கே ரயில் உவமை நொண்டியடிக்கத் தொடங்குகிறது. கூடுதல் பேருந்து என்றால் அது உதவிதான், சந்தேகமில்லை. மூளையில் ஒரு பகுதி கூடுதலாக ஒளிர்ந்தால் அது உதவியா, அல்லது அடக்கிவைக்கும் இழை அறுந்ததால் எழுந்த வெற்றுக் கூச்சலா? படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 2011இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்தச் சந்தேகத்தைக் கூர்மையாக்கியது. ஹாவெலெக்கும் உடன் ஆய்வாளர்களும், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களின் ஓய்வுத் துடிப்பை அளந்தார்கள். சில வலைப்பின்னல்களில் பிணைப்பு அதிகமாயிருந்தது. பிணைப்பு கூடக்கூட அவர்களின் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. ஈடுகட்டுதல் என்ற கணக்குப்படி நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? அவர்கள் தந்த விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆரோக்கியமான மூளையில் வலைப்பின்னல்கள் ஒன்றுசேரும், பிரியும், வேறொன்றோடு கூடும். இந்த நெகிழ்ச்சிதான் சிந்தனை. இழைகள் அறுந்த மூளையில் மாற்றுப் பாதைகள் குறைவதால், எஞ்சிய பகுதிகள் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமை போல் தெரியும். உண்மையில் அது இறுக்கம்.

ஈடுகட்டுதலா, இறுக்கமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கணிப்பு, இரண்டும் ஒரே மூளையில் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு ஆண்டுகளிலும் நடக்கலாம் என்பது. ஆம்ஸ்டர்டாமில் மென்னோ ஸ்கூன்ஹைமும் அவர் குழுவும் முன்வைக்கும் கருத்தும் இதற்கு இடம் தருகிறது. அதை அவர்கள் வலைப்பின்னல் சரிவு என்கிறார்கள். இழைகளின் சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. வலைப்பின்னல் தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டே வருவதால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஒரு வரம்பைத் தாண்டியதும் சமாளிக்கும் திறன் தீர்ந்துபோய்ச் சிந்தனைத் திறன் வேகமாக இறங்குகிறது. நேற்றுவரை நன்றாக இருந்தாரே என்று குடும்பம் திகைக்கும். நேற்றுவரை நன்றாக இருப்பதற்காக மூளை எவ்வளவு செலவழித்தது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏழாவது வலைப்பின்னலுக்கு வருவோம். 2001இல் மார்க்கஸ் ரைக்கிள் விவரித்த இந்தப் பின்னல், நாம் பழையதை நினைக்கும்போதும், நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கும்போதும், மனம் அலையும்போதும் இயங்குகிறது. வெளியில் ஒரு வேலை வந்ததும் அது அடங்கிக் கவன வலைப்பின்னலுக்கு வழிவிட வேண்டும். எம்.எஸ். நோயில் இந்தக் கைமாற்றம் சொதப்பக்கூடும். அடங்க வேண்டியது முழுதாக அடங்காது, எழ வேண்டியது தாமதமாக எழும். தேக்கா சந்தையில் மீன்காரரிடம் விலை கேட்டுக்கொண்டே, பக்கத்தில் பேரன் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லி, பையில் தேங்காய் இருக்கிறதா என்று பார்ப்பது நமக்கு ஒரு விஷயமே இல்லை. அதற்குள் எத்தனை கைமாற்றங்கள் நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கால் வினாடி கூடுதலாக ஆனால், பத்து நிமிடத்தில் ஒருவர் களைத்து உட்கார்ந்துவிடுவார்.

அறிவு போய்விடுவதில்லை. மொழி, பொது அறிவு, ஆளுமை பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் அடிபடுவது வேகம். எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 விழுக்காட்டினருக்குச் சிந்தனைத் திறனில் ஏதோ ஒரு பாதிப்பு வருகிறது. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது செய்தியைக் கையாளும் வேகத்தின் சரிவு. 1868இல் பாரிஸின் சால்பெத்ரியர் மருத்துவமனையில் இந்த நோயை முறையாக விவரித்த ழான் மார்ட்டின் ஷார்கோவே, நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறித்திருந்தார். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. 1991இல் ஸ்டீபன் ராவ், 100 நோயாளிகளை 100 ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு, 43 விழுக்காட்டினருக்குச் சிந்தனைப் பாதிப்பு உண்டு என்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. ராவ் அந்த ஆய்வைச் செய்த இடமும் பிஸ்வால் இருந்த அதே விஸ்கான்சின் கல்லூரிதான்.

களைப்பு இன்னொரு தலைவலி. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோர் தங்களை மிகவும் வாட்டுவது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்கிறார்கள். இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அது இருக்கும். வலைப்பின்னல் நோக்கில் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரே வேலையைச் செய்ய இரு மடங்குப் பகுதிகளை எழுப்ப வேண்டியிருந்தால் யாருக்குத்தான் அசதி வராது? ஆனால் இதை மேலாளரிடம் விளக்குவது யார்? வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாதவர் மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்த்தால், சோம்பேறி என்ற பட்டம் உடனே வந்துவிடுகிறது. வீட்டிலும் அதே கதைதான்.

இனி வெயில். பூமத்திய ரேகையிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கும் ஊரில் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டு வெயிலைப் பேசாமல் போக முடியாது.

1890இல் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், சில எம்.எஸ். நோயாளிகளுக்கு உடற்பயிற்சிக்குப் பிறகு பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்புவதைப் பதிவு செய்தார். உழைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார். உடல் சூடாவதுதான் காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், சந்தேகத்துக்குரியவரை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, அறிகுறிகள் கூடுகின்றனவா என்று பார்ப்பதே ஒரு சோதனையாக இருந்தது! ஊட்ஹோஃபின் பெயரைச் சொல்லி எம்.எஸ். நோயாளிகளை உடற்பயிற்சியிலிருந்து விலக்கிவைத்த காலமும் உண்டு. இன்று நிலைமை நேர் எதிர். பயிற்சி செய்யுங்கள், உடலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்கிறார்கள். அந்த வகையில் நீச்சல்குளம் நல்ல இடம்.

சூடு அறிகுறிகளைக் கூட்டும் இயக்கம் அழகானது. சமிக்ஞை ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவ, அங்குள்ள சோடியம் வாயில்கள் திறந்து போதிய மின்னூட்டத்தை உள்ளே விட வேண்டும். சூடு ஏறினால் வாயில்கள் வேகமாகத் திறந்து, அதைவிட வேகமாக மூடிக்கொள்ளும். உள்ளே வரும் மின்னூட்டம் குறைந்துவிடும். நல்ல இழையில் இதனால் ஒன்றும் ஆகாது, தேவைக்கு மேல் பல மடங்கு கையிருப்பு அதனிடம் இருக்கிறது. உறை உரிந்த இழையோ விளிம்பில் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. உடல்வெப்பம் அரை பாகை ஏறினாலே அதில் சமிக்ஞை நின்றுவிடலாம். உடல் குளிர்ந்ததும் மீண்டும் ஓடும். புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. நிரந்தரமாக அறுந்தது எது, ஊசலாடுவது எது என்று வெயில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

சிங்கப்பூரில் பிற்பகலில் வெப்பம் 31, 32 பாகையைத் தொடுவது அன்றாட நிகழ்வு. காற்றின் ஈரப்பதம் சேர்ந்துகொள்வதால் வியர்வை ஆவியாகாது, உடல் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபடும். லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கிச் சிராங்கூன் சாலையில் நடக்கும் எம்.எஸ். நோயாளிக்கு, பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை வெறும் அலங்காரம் இல்லை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் கட்டாயமாக்கிய அந்தக் கூரையிட்ட வழி, அவருடைய நரம்பிழைகளுக்குக் கிடைக்கும் நிழல். தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் பால்குடம் சுமக்க விரும்பும் எம்.எஸ். நோயாளி, விடியலுக்கு முன்பே புறப்படுவது புத்திசாலித்தனம். நேர்த்திக்கடனைக் கைவிட வேண்டியதில்லை. வழியில் கால் துவண்டால், பார்வை மங்கினால், நோய் முற்றிவிட்டது என்று பதறவும் வேண்டியதில்லை. நிழலில் உட்கார்ந்து குளிர்ந்த நீர் குடித்து, கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கடந்தும் சரியாகவில்லை என்றால் அது வேறு, மருத்துவரிடம் போக வேண்டும்.

இதே விளிம்பு நிலையைக் குறிவைத்து ஒரு மருந்தும் வந்திருக்கிறது. ஃபாம்ப்ரிடின் என்ற அது, உறை உரிந்த இழையில் கசியும் பொட்டாசியம் வாயில்களை அடைத்துச் சமிக்ஞைக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கிறது. அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்றது. சிலருக்கு நடை வேகம் கூடுகிறது, எல்லாருக்கும் இல்லை. நோயைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அந்த வேலைக்கு எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் தனியாக உண்டு. 1993இல் இன்டர்ஃபெரானோடு தொடங்கிய அந்த வரிசை இன்று நீண்டிருக்கிறது. அவற்றை நோயின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதற்கு, மேலே சொன்ன வலைப்பின்னல் சரிவே நல்ல வாதம். கையிருப்பு தீர்வதற்குமுன் சேதத்தை நிறுத்த வேண்டும்.

ஆசியாவில் எம்.எஸ். அரிது. வட ஐரோப்பாவில் லட்சத்தில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு இருக்கும் நோய், மங்களூரில் லேகா பண்டிட் நடத்திய கணக்கெடுப்பில் லட்சத்தில் சுமார் எட்டுப் பேருக்கு இருந்தது. சிங்கப்பூரிலும் இது அரிய நோய்தான். ஏ. தாஸும் கே. புவனேந்திரனும் இங்குள்ள நோயாளிகளைப் பற்றித் தொகுத்து எழுதிய கட்டுரை 1998இல் வந்தது. மறு ஆண்டு, டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் தேசிய நரம்பியல் நிலையம் அமைந்தது.  நம்மவர்களுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். கிழக்கு லண்டனில் எடுத்து 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கு வாழும் தெற்காசியர்களில் லட்சத்தில் 29 பேருக்கு எம்.எஸ். இருந்தது. வெள்ளையரின் 180ஐவிட மிகக் குறைவு, மங்களூரின் கணக்கைவிட மூன்று மடங்குக்கு மேல். மரபணு பாதியைத் தீர்மானித்தால், வளரும் சூழல் மீதியைத் தீர்மானிக்கிறது. அந்தச் சூழலில் எப்ஸ்டைன் பார் வைரஸ் முக்கியமான ஒன்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஹார்வர்டு குழு, அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்காவதை 2022இல் காட்டியது.

ஆசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் ஒரு நோயை ‘ஆசிய வகை எம்.எஸ்.’ என்றே முன்பு சொல்லிவந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அந்த நோயாளிகளின் இரத்தத்தில் தனியொரு எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த பிறகு, பலருக்கு இருந்தது எம்.எஸ். இல்லை, நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய் என்று தெரிந்தது. எம்.எஸ். மருந்துகளில் சில இந்த நோயை மோசமாக்கும். அதனால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவறு.

வலைப்பின்னல் ஆய்வின் நடப்புப் பயன் என்ன? ஓய்வுத் துடிப்பை அளக்கும் ஸ்கேன், ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. அது அளப்பது இரத்த ஓட்டத்தை, அதன் வழியாக நரம்பணுக்களின் பேச்சை ஊகிக்கிறோம். நூறு பேரின் சராசரியில் தெளிவாகத் தெரிவது ஒருவரின் படத்தில் கலங்கலாகிவிடும். அப்படி ஒரு ஸ்கேன் எடுத்துத் தருகிறோம், மூளையின் பின்னலைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பயன் வேறிடத்தில் இருக்கிறது. எதை அளக்க வேண்டும் என்று இந்த ஆய்வு சொல்லிக்கொடுத்திருக்கிறது. எம்.எஸ். பாதிப்பைக் குறிக்க உலகமெங்கும் பயன்படுவது, ஜான் குர்ட்ஸ்கி 1983இல் செப்பனிட்ட 0 முதல் 10 வரையிலான அளவுகோல். அதில் நான்குக்கு மேல் போனால் மதிப்பெண்ணை முடிவு செய்வது பெரும்பாலும் நடைதான். நன்றாக நடந்துகொண்டே, கணக்குப் பார்க்க முடியாமல் வேலையை இழப்பவர் அதில் ஆரோக்கியமானவராகத் தெரிவார். அறிகுறிகளைக் கேட்டு இழப்பீடு தரும் காப்புறுதிப் படிவங்களிலும் மந்தமான சிந்தனைக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. இதற்குச் செலவு பிடிக்காத மாற்று ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பது குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தாளில் வரும் குறியீட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 90 வினாடி, ஒரு தாள், ஒரு கைக்கடிகாரம். ஒருவரின் மதிப்பெண் முந்தைய ஆண்டைவிட நாலு குறைந்தால் கவனிக்க வேண்டிய மாற்றம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதையும் செய்வதை வழக்கமாக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இளம் வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினால், அல்லது ஒரு கையோ காலோ நாள்கணக்கில் மரத்துப்போனால், வேலைக் களைப்பு என்று தள்ளிவைக்காமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். உங்கள் வீட்டில் எம்.எஸ். உள்ளவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவருடைய சிந்தனை வேகத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.